வாக்காளர் பட்டியலில் ஒரு தோழி

ஆளைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுப்பதில் எனக்கு ஊருக்குள் ஒரு பேர் உண்டு. தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். துறைமுகத்துக்கு வரும் சரக்குக்கும் போகும் சரக்குக்கும் காகித வேலை செய்கிற இடம். சரக்கு வந்து கிடக்க, சொந்தக்காரர் போனை எடுக்காமல் போய்விட்டால், அவர் எந்த ஊரில் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று துழாவுகிற வேலை எப்படியோ என் மேஜைக்குத்தான் வந்து சேரும். டெலிபோன் டைரக்டரி காலத்தில் தொடங்கிய பழக்கம். டைரக்டரி கம்ப்யூட்டருக்குள் போனபோது நானும் கூடவே போனேன்.

வாக்காளர் பட்டியல், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் அரசாங்கமே எல்லோருக்கும் பொதுவாக விரித்துவைத்திருக்கிற ஜமக்காளம். உட்கார்ந்து பார்க்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. எனக்கு அது நிறைய உண்டு. காயல்பட்டினத்து வியாபாரி ஒருவர், தன் வாப்பாவோடு கூட்டுக்கடை வைத்திருந்தவரின் குடும்பத்தைப் பார்க்க ஆசைப்பட்டார். எட்டயபுரத்தில் ஒரு கடையின் பட்டாவை வைத்துப் பிடித்துக் கொடுத்தேன். எங்கள் தெரு மருந்துக்கடை அண்ணாச்சிக்குப் பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அவர் அடுத்த தெருவில்தான் இருந்தார் என்பதால் அதில் எனக்குப் பெரிய பெருமை இல்லை. ஆனாலும் அண்ணாச்சி கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி என்னைப் பெரிய ஆளாக்கிவிட்டார்.

என் மனைவி மட்டும் இந்தப் புகழுக்கு மயங்குவதில்லை. "ஊரெல்லாம் தேடிக் கொடுக்கிய, நம்ம வீட்டு பீரோ சாவி எங்கன்னு கேட்டா மட்டும் என் மூஞ்சியப் பாக்கிய" என்பாள். அவள் கணக்கு ட்யூஷன் எடுக்கிறவள். எதையும் சரிபார்க்காமல் பாராட்ட மாட்டாள்.

போன வருஷம் எங்கள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. யார் யாருக்குப் பத்திரிகை வைப்பது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து எழுதினோம். என் பங்காளிகள், என் மாமன் வழி, ஆபீஸ், கஸ்டம்ஸ் ஆபீஸில் தெரிந்தவர்கள், லாரி செட்டுக்காரர்கள், மாமனாருக்குத் தெரிந்த வியாபாரிகள் என்று எழுதிக்கொண்டே போனேன். மனைவி பேனாவை வாங்கிப் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். விடைத்தாள் திருத்துகிற பார்வை. எதையோ விட்டுவிட்டேன் என்று தெரிந்தது, எதை என்றுதான் தெரியவில்லை.

"இதுல எல்லாரும் இருக்காவ. எனக்குன்னு ஒரு ஆளு இல்லையே" என்றாள்.

சண்டைக்குச் சொல்லவில்லை. கூட்டிப் பார்த்து வந்த விடையைச் சொல்வது போலத்தான் சொன்னாள். உன் அண்ணன், உன் சித்தி என்று நான் அடுக்கினேன். அவர்கள் எல்லாம் அப்பாவின் ஆட்கள் என்றாள். எங்கள் கல்யாணத்திலும் அப்படித்தானாம். மண்டபம் கொள்ளாத கூட்டம் வந்தது, அதில் அவளுக்காக என்று வந்தவள் ஒரே ஒருத்தி. நாசரேத்தில் கல்லூரி படித்தபோது ஹாஸ்டலில் அவளோடு ஒரே அறையில் இருந்த தோழி. கடைசி வருஷம் பாதியில் என் மனைவிக்குக் கல்யாணத்தைப் பேசி முடித்துவிட்டார்கள். படிப்பு அதோடு போயிருக்க வேண்டியது. அந்தத் தோழிதான் பாட நோட்டுகளைப் பிரதி எடுத்து, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பி, வார்டனிடம் மல்லுக்கு நின்று, இவளைப் பரீட்சை எழுத வைத்திருக்கிறாள். இன்றைக்கு ட்யூஷன் வாசலில் தொங்குகிற பலகையில் இருக்கிற பட்டத்தில் பாதி அவளுடையது. இதெல்லாம் எனக்கு அதுவரை முழுசாகத் தெரியாது. என் கல்யாணத்தில் நடந்ததை நானே புதிதாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கல்யாணமான புதிதில் ஆபீஸ் என்னைக் கொச்சிக்கு அனுப்பியது. திரும்பி வந்தபோது வேறு வீட்டுக்குப் போனோம். நடுவில் கடிதங்கள் எங்கேயோ அறுந்துவிட்டன. அவளுக்கு மட்டும் நேரில் போய்ப் பத்திரிகை வைக்கவேண்டும், அவள் வந்து மண்டபத்தில் உட்கார்ந்தால் போதும், வேறு எதுவும் கேட்கமாட்டேன் என்றாள் மனைவி. இவ்வளவுதானா, ஒரு வாரம் கொடு என்று நான் சட்டைக் கையை மடித்துவிட்டேன்.

பிறகுதான் சங்கடம் புரிந்தது. தோழியைப் பற்றி என் மனைவிக்குத் தெரியாதது எதுவுமே இல்லை. விளக்கை அணைத்தால் தூங்கமாட்டாள், தயிர்ச்சோற்றுக்கு வாழைப்பழம் பிசைந்து சாப்பிடுவாள், சிரிப்பு வந்தால் தரையில் உட்கார்ந்துவிடுவாள். பட்டியலில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை. தகப்பனார் பெயர் என்ன என்று கேட்டேன். வாத்தியார் என்றாள். அது வேலை, பெயர் என்ன? அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, இனிஷியல் மட்டும் ஞாபகம் இருக்கிறது என்றாள். ஊர்? சாத்தான்குளம் பக்கம். எந்தப் பக்கம்? மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் அடிக்கடி மாற்றல் வரும். எந்தப் பள்ளிக்கூடமோ அந்த ஊர்தான் அவளுக்கு ஊர். கடிதமும் பள்ளிக்கூட விலாசத்துக்குத்தான் போகும். தோழியின் பெயராவது அபூர்வமானதா என்றால் அதுவும் இல்லை. ஒரு பூவின் பெயர். பனைநாட்டில் இந்து வீட்டிலும் வைப்பார்கள், வேதக்கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவ வீட்டிலும் வைப்பார்கள்.

எனக்கென்று ஒரு முறை உண்டு. வாக்காளர் பட்டியல் ஊர் ஊராக, பாகம் பாகமாக இணையத்தில் இருக்கும். ஒவ்வொரு பாகத்தையும் இறக்குவதற்கு முன்னால் கோணல்மாணலான எழுத்துகளைப் படித்துத் தட்டச்சு செய்து, நான் இயந்திரம் இல்லை, மனிதன்தான் என்று நிரூபிக்கவேண்டும். அதில் இரண்டு தடவை தோற்றும் போயிருக்கிறேன். உள்ளே போனால் ஒரு பக்கத்துக்கு முப்பது சின்னச் சின்னப் பெட்டி. பெட்டிக்குள் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது. ஐம்பதைத் தாண்டிய பெண்ணைத் தேடுகிறோம், ஆகையால் கணவர் பெயர் போட்ட பெட்டிகளை மட்டும் பார்த்தால் போதும். தந்தை பெயர் போட்ட பெண்களெல்லாம் கல்யாணமாகாத சின்னப் பிள்ளைகள். அவர்களை ஒரேயடியாகத் தள்ளிவிட்டால் வேலை பாதியாகக் குறையும். மனைவி சொன்ன இனிஷியலையும் தள்ளிவிட்டேன். கல்யாணமான பெண்ணுக்கு அது என்றைக்கோ மாறியிருக்கும். இந்தக் குறுக்குவழியை மகளிடம் விளக்கிச் சொல்லி, கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டேன்.

வேலை முடிந்து தினமும் சாயங்காலம் இதே வேலையாக இருந்தேன். கடைசியில் சாத்தான்குளத்திலேயே, கடைத்தெருவுக்குப் பின்னால், அதே பெயரில், பொருத்தமான வயதில் ஒருவர் அகப்பட்டார். மனைவி கண்ணாடி முன்னால் அன்றைக்கு நின்ற நேரம், பெண் பார்க்க வந்த நாளில்கூட நின்றிருக்க மாட்டாள். மக்ரூன் இரண்டு டப்பா வாங்கிக்கொண்டோம். தட்டில் பத்திரிகை, வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் எடுத்துவைத்துக் காரில் கிளம்பினோம்.

கதவைத் திறந்த அம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக, வாங்க வாங்க என்று கூப்பிட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது. உட்கார்வதற்குள் தட்டை நீட்டிவிட்டேன். அவரும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்போதுதான் மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். ஆள் இவர் இல்லை.

இனி எப்படிச் சொல்வது? வைத்த பத்திரிகையைத் திரும்ப வாங்குவது எங்கள் பக்கத்தில் யாரும் செய்யாத காரியம். வீட்டுக்கு வந்தவர்களை நீங்கள் யார் என்று கேட்பதும் அதைப்போலத்தான். வீட்டுக்காரர் ஓடிப்போய்க் கலர் சோடா வாங்கிவந்தார். வெயிலில் வந்திருக்கிறீர்கள், சாப்பிடாமல் போகக்கூடாது என்று அந்த அம்மாள் உலை வைத்துவிட்டார். மகளுக்கு எந்த ஊர் மாப்பிள்ளை, என்ன வேலை என்றெல்லாம் உண்மையான அக்கறையோடு விசாரித்தார்கள். இலை போட்டுச் சோறு வைத்துக் குழம்பு ஊற்றிய பிறகு அடுக்களைக்குள் இருந்து குரல் கேட்டது. ஒங்க ஆளுகதானே என்று வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். எங்க ஆளுகளா, ஒங்க சித்தப்பா வழின்னுல்லா நான் நெனச்சேன் என்றார் அந்த அம்மாள்.

கையில் சோற்றோடு நான் மனைவியைப் பார்த்தேன். அவள் இலையைப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னோம். அந்த அம்மாள் கோபிக்கவே இல்லை. விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பத்திரிகை வைத்தாகிவிட்டது, இனி நாங்கள் வராமல் இருந்தால் மரியாதையாக இருக்குமா என்றார். வரும்போது ஒரு பனை ஓலைப் பெட்டி நிறையக் கருப்பட்டியும் கொடுத்தனுப்பினார்.

திரும்பி வரும் வழியில் நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன். மனைவி சிரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டாள். ஏரல் தாண்டும்போது, போதும், விட்டுவிடுங்கள் என்றாள். அவள் எங்கேயோ நன்றாக இருப்பாள், கல்யாண வேலை நிறையக் கிடக்கிறது. நான் ஏதோ சமாதானம் சொன்னேன். எனக்கே அது காதில் ஏறவில்லை. எத்தனையோ பேருக்குத் தேடிக் கொடுத்தவனுக்கு வீட்டுக்காரி கேட்ட ஒரே ஒரு ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த அவமானம் ஒரு பக்கம். அவள் முகம் சின்னதாகப் போனதைப் பார்க்கிற கஷ்டம் இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் அதிகமாக வலித்தது.

அடுத்த சனிக்கிழமை ட்யூஷன் முடிந்து, நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அவளே கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். நான் பார்த்து முடித்த பாகங்கள் எல்லாம் அங்கே கிடந்தன. எல்லாம் பார்த்தாயிற்று என்றேன். "நீங்க பாத்தத நான் எதுக்குப் பாக்கணும்? நீங்க பாக்காததப் பாக்கேன்" என்றாள். தந்தை பெயர் போட்ட பெட்டிகள். அதிலும் ஐம்பது வயதை ஒட்டியவை. அதிலும் அவளுக்கு ஞாபகம் இருந்த அந்த இனிஷியலில் தொடங்கும் தகப்பனார்கள். கணக்கு வாத்தியார் இல்லையா, மூன்று நிபந்தனை போட்டதும் பக்கங்கள் மளமளவென்று ஓடின. நான் இரண்டாவது டீ போட்டு எடுத்துவருவதற்குள் அவள் கை மவுஸில் நின்றுவிட்டது.

தகப்பனார் பெயரைப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது என்றாள். மாதம் ஒரு முறை மகளைப் பார்க்க ஹாஸ்டலுக்கு வருவாராம். வாட்ச்மேன் அந்தப் பெயரைச் சத்தம் போட்டுச் சொல்லிக் கூப்பிடுவாராம். நினைத்துப் பார்த்தபோது வராத பெயர் கண்ணில் பட்டதும் தானாக வந்து நின்றுவிட்டது. சாத்தான்குளத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். பூவின் பெயர், தந்தை பெயர், வீட்டு எண். வயதும் சரி.

"கல்யாணமே பண்ணிக்கல பாத்தியளா. அவ அப்பவே சொன்னா. நான்தான் சிரிச்சேன்" என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள். இந்தத் தடவை கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள். "இவளத்தானே சின்னப் புள்ளன்னு தள்ளிவிட்டிய?"

ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன். ஐம்பது வயதில் ஒரு பெண் தகப்பன் பெயரோடேயே இருக்கலாம் என்பது எனக்கு ஏன் தோன்றவே இல்லை என்று இரண்டு மூன்று நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். இதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. நான் வளர்ந்த தெருவில் அப்படி யாரும் இல்லை, அவ்வளவுதான்.

கண்டுபிடித்த மறுநாளே, ஞாயிற்றுக்கிழமை, போனோம். இந்தத் தடவை தட்டை மனைவி மடியில் வைத்துக்கொண்டாள், என் கையில் கொடுக்கவில்லை. வேதக்கோயில் ஆராதனை முடிந்து ஆட்கள் திரும்புகிற நேரம். வீட்டு வாசலில் வெள்ளைச் சேலை கட்டின ஒருவர் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். கார்க் கதவு சாத்துகிற சத்தத்துக்குத் திரும்பினார். என் மனைவியைப் பார்த்தார். சாவி பூட்டிலேயே தொங்கியது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏளா, இம்புட்டு நாளா நீ எங்கன போயிருந்த?" என்றார்.

இரண்டு பேரும் படியிலேயே உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள். நானே சாவியைத் திருகிக் கதவைத் திறந்து, உள்ளே போய், தண்ணீர் மொண்டு குடித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் நான் இருப்பது அவர்களுக்கு ஞாபகம் வந்தது. தோழி அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. தகப்பனார் ஓய்வுபெற்றதும் கட்டிய வீட்டில் இருக்கிறார். அவர் காலமான பிறகும் வீடு, இனிஷியல், விலாசம் எதுவும் மாறவில்லை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். வாக்காளர் பட்டியல் என்று நான் ஆரம்பித்ததுமே சிரிக்கத் தொடங்கினார். அந்த ஊர்ப் பட்டியலை வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்கிற பி.எல்.ஓ. வேலை வருஷக்கணக்காக அவர் தலையில்தான் விழுந்திருக்கிறது. நான் சாயங்காலமெல்லாம் உட்கார்ந்து புரட்டிய அந்தப் பாகத்தை எழுதிக் கொடுத்தவரே அவர்தான்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "ஒவ்வொரு தடவ பட்டியல் வரும்போதும் நான் ஒன்னத் தேடுதேன்ளா. தூத்துக்குடியில ஒங்க அப்பா பேரப் போட்டுத் தேடுவேன். இல்லன்னு வரும். எங்க ஊர்ல உள்ள பொம்பளையள எல்லாம் நான்தான் எழுதுதேன், ஒன்னத்தான் காணல."

கணவர் பெயர் போட்டுத் தேடியிருக்கலாமே என்றேன். அவர் என் மனைவி பக்கம் கையைக் காட்டினார். இவள் எழுதிய கடிதங்கள் எல்லாவற்றிலும் 'அவிய நல்லாருக்காவ, அவியளுக்கு மாற்றல் வந்திருக்கு' என்றுதான் இருக்குமாம். ஓர் இடத்திலாவது என் பெயர் கிடையாது. கல்யாணப் பத்திரிகையில் ஒரு தடவை பார்த்த பெயர் எப்படி ஞாபகம் இருக்கும்? இன்றைக்கும் என் மனைவி என் பெயரைச் சொல்ல மாட்டாள். கூரியர்காரர் கேட்டால் கதவில் இருக்கிற பலகையைக் காட்டுவாள். தோழி என்னிடமே கேட்டு என் பெயரைத் தெரிந்துகொண்டார். ஒரு தடவை சத்தமாகச் சொல்லியும் பார்த்தார். மனைவி கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அது முழுச் சிரிப்பாக இல்லை. வாத்தியார் மகள் ஒரே இடத்தில் ஒரே பெயரில் இருந்திருக்கிறாள். நான் அவளுக்கு இல்லாத புருஷனைத் தேடிக்கொண்டிருந்தேன். காணாமல் போனவள் என் மனைவிதான். காணாமல் போய் என் பெயருக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறாள். இத்தனை வருஷமாக அது எனக்குத் தெரியாமல் போனது வருத்தமாக இருந்தது. அதைக் காரில் திரும்பும்போது சொன்னேன். சரி, இப்போது கண்டுபிடித்தாயிற்றே என்று என் தொடையில் தட்டினாள்.

தோழி வீட்டில் பத்திரிகையை அவள்தான் வைத்தாள். வழக்கப்படி நானும் தட்டைத் தொட்டுக்கொண்டு நின்றேன்.

கல்யாணத்தன்று சாத்தான்குளத்துக் கடைத்தெரு அம்மாள் சொன்னபடி வந்தார். சும்மா வரவில்லை, ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களோடு வந்தார். அந்த வேன் ஆட்கள் எல்லோரும் இறங்கி, மண்டப வாசலில் சந்தனமும் கல்கண்டும் வைத்துக்கொண்டு நின்ற என் அக்காவைத் திக்குமுக்காட வைத்த நேரத்தில்தான் தோழியும் வந்து சேர்ந்தார். தனியாக, பஸ்ஸில், கையில் ஒரு பையோடு. யார் வந்தாலும் அக்கா ஒரே கேள்விதான் கேட்டுக்கொண்டிருந்தாள். அவரிடமும் கேட்டாள்.

"மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?"

"ரெண்டும் இல்ல. நான் பொண்ணோட அம்மாவுக்கு வேண்டியவ."

அக்காவுக்குச் சட்டென்று புரியவில்லை. அப்படி ஒரு வீடு அவள் கணக்கில் இல்லை. கொஞ்சம் தள்ளி நின்ற என் மனைவிக்குக் கேட்டுவிட்டது. என் பங்காளி வீட்டார் ஐந்தாறு பேர் அவளிடம் ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை அப்படியே விட்டுவிட்டு வந்து, தோழியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அதற்கப்புறம் தாலி கட்டுகிறவரைக்கும் மேடையில் நின்றபடியே, கூட்டத்தில் அவர் உட்கார்ந்திருந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவள் கடைசிப் பந்தியில்தான் சாப்பிடுவாள். வந்தவர்கள் எல்லோரும் கை கழுவிய பிறகு, ஆறிப்போன சாம்பாரோடு. அன்று தாலி கட்டி முடிந்ததும் என் மனைவி தோழியைக் கூட்டிக்கொண்டு முதல் பந்தியிலேயே போய் உட்கார்ந்தாள். பக்கத்துப் பக்கத்து இலை. பாயசம் வந்தபோது இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாராவது வந்து ஏதாவது கேட்டால் பதில் சொல்லலாம் என்று நான் பந்தி வாசலில் போய் நின்றேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.